தோட்டத்து ஊரிலிருந்து இணையக் கச்சேரி: நான்கு வழிகள், எது யாருக்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஓர் ஊரில் இணையத்தில் பாட நினைப்பவர் எடுத்த எடுப்பில் கேட்பது, "முகநூலா, யூடியூப்பா?" என்பதுதான். அதற்கு முன்னால் தெரிய வேண்டியவை வேறு. கூரை ஓடா, தகரமா? இரவு 9 மணிக்கு அந்த வீட்டில் பதிவேற்ற வேகம் எவ்வளவு? பக்கத்தில் மிருதங்கம் இருக்கிறதா, கரோக்கேதானா? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. கைப்பேசியை முக்காலியில் நிறுத்தி முகநூலில் நேரலை போகலாம். மடிக்கணினியில் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு யூடியூப்பில் நேரலை விடலாம். ஜூமில் அழைத்தவர்களுக்கு மட்டும் பாடலாம். அல்லது முன்பே பதிவு செய்து, யூடியூப்பில் 'பிரீமியர்' என்று நாள், மணி குறித்து வெளியிடலாம். முதல் கச்சேரி வைப்பவருக்கு எங்கள் ஓட்டு நான்காவதற்கு. 'நேரலை இல்லையென்றால் அது கச்சேரியா?' என்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

வாசலிலேயே நிறுத்தும் விதிகள்

முகநூலில் நேரலை போக, கணக்குக்கு 60 நாளாவது ஆகியிருக்க வேண்டும், பின்தொடர்வோர் 100 பேராவது வேண்டும். யூடியூப்பில் கைப்பேசி வழியாகப் போக 50 சந்தாதாரர்கள் தேவை. மடிக்கணினி வழியாகப் போனால் அந்த எண்ணிக்கை தேவையில்லை. ஆனால் நேரலை வசதியை முதன்முறை திறக்க 24 மணி நேரம் வரை பிடிக்கும். நோட்டீஸை வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, கச்சேரி நாள் காலையில் இதைக் கண்டுபிடிப்பவர்கள்தான் அதிகம். ஜூம் இலவசக் கணக்கில் 100 பேர், 40 நிமிடம். 40-வது நிமிடத்தில் அது தில்லானாவின் நடுவில் நிற்கிறீர்களா என்று பார்க்காது.

ஒலி: நான்கும் பிரியும் இடம்

ஜூம் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. தொடர்ந்து ஒரே மாதிரி வரும் ஒலியை அது மின்விசிறி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழிக்கப் பார்க்கும். தம்புராவும் சுருதிப் பெட்டியும் அதன் காதுக்கு மின்விசிறிதான். பாடகருக்குச் சுருதி நன்றாகக் கேட்கும். எதிர்முனையில் இருப்பவருக்கு வெறும் குரல் அந்தரத்தில் தொங்கும், அல்லது ஒவ்வொரு நிறுத்தத்திலும் சுருதி வந்து வந்து மறையும். இதற்கு மருந்து ஒலி அமைப்பிலேயே இருக்கிறது. 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழ் 'ஹை ஃபிடெலிட்டி' முறையைப் போட்டு, 'எக்கோ கேன்சலேஷன்' குறியை எடுத்துவிடவும். கூட்டம் தொடங்கிய பின், திரையின் மேலே உள்ள அதே பொத்தான் 'ஆன்' என்று காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அமைப்பில் தேர்ந்தெடுத்துவிட்டு இதை மறந்தால் பலன் இல்லை. எதிரொலித் தடுப்பு போய்விடுவதால் ரசிகர்கள் எல்லாரையும் மௌனமாக்கியே வைக்கவும்.

கைப்பேசி நேரலையில் சிக்கல் வேறு விதம். கைப்பேசி ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும். மெல்லிய ஆலாபனையைத் தூக்கிவிடும், கூடவே மின்விசிறியையும் வாசல் நாயையும் தூக்கும். தாரஸ்தாயியில் குரல் விரியும்போது அமுக்கிவிடும். பாடகர் உழைத்துச் சேர்த்த ஏற்ற இறக்கம் எல்லாம் சப்பாத்தியாகத் தட்டையாகிப் போகும். வெளி ஒலிவாங்கி ஒன்றைச் செருகினால் பாதி சரியாகும். கடையில் வாங்கும்போது முள்ளைப் பார்க்கவும். மூன்று வளையம் போட்ட முள்தான் கைப்பேசிக்கு. இரண்டு வளையம் கேமராவுக்கானது, கைப்பேசியில் செருகினால் அது உள் ஒலிவாங்கியையே எடுத்துக்கொண்டிருக்கும், பாடுபவருக்குத் தெரியாது.

ஓபிஎஸ் வழியில் ஒலி முழுக்க உங்கள் கையில். ஒலிவாங்கியை மடிக்கணினியோடு இணைக்கும் பெட்டியான யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் டைனமிக் ஒலிவாங்கி ஒன்றும் போதும். 48 வோல்ட் கேட்கும் கண்டென்சர் ஒலிவாங்கி நுணுக்கமாக எடுக்கும் என்பது உண்மைதான். தகரக் கூரையில் விழும் தூறலையும், ரோட்டில் போகும் மோட்டார் சைக்கிளையும் அதே நுணுக்கத்தோடு எடுக்கும். ஒலி அடைத்த அறை இல்லாதவருக்கு டைனமிக்தான் தோது. வாயிலிருந்து 8, 10 சென்டிமீட்டர், கொஞ்சம் பக்கவாட்டில் வைக்கவும். அளவு பார்க்கும்போது "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லிப் பார்ப்பது வீண். அன்றைய பட்டியலில் மிக உயரமான சங்கதியைப் பாடி, ஓபிஎஸ் அளவுமானி −6 டெசிபலைத் தாண்டாதபடி வைக்கவும். ஒலி உடைந்து பதிவானால் பிறகு ஒட்ட முடியாது.

ஓபிஎஸ்ஸில் ஒரு பொறி இருக்கிறது. இன்டர்ஃபேஸ் ஒலி சீக்கிரம் வந்துவிடும், கேமராப் படம் பிந்தி வரும். சினிமாப் பாட்டில் பெரிதாகத் தெரியாது. கர்நாடகக் கச்சேரியில் தொடையில் தாளம் போடும் கை திரையில் இருக்கிறதே, அது காட்டிக்கொடுத்துவிடும். கேமரா முன் ஒரு கைதட்டைப் பதிவு செய்து, தட்டும் படத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளியை அளந்து, ஒலிவாங்கியின் 'சிங்க் ஆஃப்செட்' இடத்தில் அத்தனை மில்லி விநாடியைப் போடவும். 100 முதல் 200 வரை தேவைப்படுவது சாதாரணம். புளூடூத் இயர்போனில் சுருதி கேட்டுப் பாடவே வேண்டாம், அதன் தாமதம் தாளத்தையே இழுத்துவிடும்.

பாடகர் சுங்கை சிப்புட்டில், மிருதங்கம் கிள்ளானில் என்று ஜூமில் சேர்த்து வைக்க முடியுமா? முடியாது. சேர்ந்து வாசிக்க, இருவருக்கும் இடையிலான தாமதம் 25, 30 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும். ஒரே மண்டபத்தில் 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் வரும் தாமதம் அது. ஜூமில் அதைவிடப் பல மடங்கு. பக்கவாத்தியம் ஒரே அறைக்கு வர வேண்டும். இல்லையென்றால் அவர் வாசித்து அனுப்பிய பதிவுக்கு மேல் பாட வேண்டும், அதற்கு நான்காவது வழிதான் ஒத்துவரும்.

மழை, பாங்கு, மின்விசிறி

அக்டோபர், நவம்பர் மாலைகளில் இடி மழை வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடவும். மூன்று நேரலை வழிகளுக்கும் மழையிடமிருந்து தப்ப வழியில்லை. பதிவுக்கு மட்டும் அந்த வழி உண்டு. பள்ளி நாள் காலை 10 மணிக்கு மேல், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு இரண்டு பாட்டு, பிறகு பதினைந்து நிமிடம் காற்று வாங்கிவிட்டு அடுத்த இரண்டு. வியர்த்து வழியும் முகத்தோடு ஒரு மணி நேரம் பாடத் தேவையில்லை.

பள்ளிவாசலுக்கு அருகில் வீடு என்றால் மாலைப் பாங்கு, இஷா பாங்கு இரண்டும் முடிந்து 9 மணிக்குத் தொடங்குவது மரியாதைக்கும் நல்லது, ஒலிப்பதிவுக்கும் நல்லது. அப்போது தமிழ்நாட்டில் மாலை 6.30. உறவுக்காரர்கள் வேலை முடிந்து வீடு வந்து சேரும் நேரம்.

இணைய வேகம்

விளம்பரத்தில் சொல்வது பதிவிறக்க வேகம். நமக்கு வேண்டியது பதிவேற்றம். கச்சேரி நேரத்திலேயே மூன்று இரவு சோதித்து, கிடைத்ததில் மிகக் குறைந்த எண்ணில் பாதியைத்தான் ஓபிஎஸ்ஸில் ஒளிபரப்பு வேகமாக (பிட்ரேட்) போட வேண்டும். 6 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 6 மெகாபிட்) வந்தால் 3. 720பி படத்துக்கு அது போதும். 4 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் பாடினால் 1.8 ஜிபி தரவு போகும், கைப்பேசித் தரவில் பாடுபவர் கணக்குப் பார்த்துக்கொள்ளவும்.

வேகம் சரிந்தால் முகநூல் செயலி படத்தை மங்கலாக்கி எப்படியோ ஓட்டும். ஓபிஎஸ் அப்படி விட்டுக்கொடுக்காது, படச் சட்டங்களை (ஃபிரேம்) இடையிடையே கைவிட்டு நெளியும். அதன் மேம்பட்ட அமைப்பில், நெரிசலுக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் தேர்வைப் போட்டு வைக்கவும். வைஃபையை நம்பாமல் ரூட்டரிலிருந்து கம்பி இழுக்கவும். செம்பனை மரங்களுக்குள் இருக்கும் பழைய லயத்து வீடுகளில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கைப்பேசி அலைவரிசை ஜன்னலுக்கு ஜன்னல் மாறும், நடந்து பார்த்து இடம் தேட வேண்டும்.

பிரீமியருக்கு இந்தக் கவலை இல்லை. 45 நிமிடப் பதிவு சுமார் 2.7 ஜிபி வரும். 5 எம்பிபிஎஸ்ஸில் ஏற்ற 72 நிமிடம். முந்தின இரவு போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். மறுநாள் ஒளிபரப்பாகும்போது பாடகர் அரட்டைப் பகுதியில் உட்கார்ந்து, "அது என்ன ராகம்?" என்ற கேள்விக்கெல்லாம் பதில் எழுதலாம். மேடையில் பாடும்போது செய்ய முடியாத காரியம் இது.

உரிமை

தியாகராஜர் 1847-இல், தீட்சிதர் 1835-இல் மறைந்தவர்கள். திருப்புகழும் தேவாரமும் அதற்கும் பல நூற்றாண்டு முந்தியவை. இவற்றை நீங்களே பாடினால் எவரும் உரிமை கேட்க முடியாது. பாரதி பாட்டு வரிகளும் அப்படித்தான். ஆனால் அதற்குச் சினிமாவில் போட்ட மெட்டு வேறு ஒருவருடையது. கரோக்கே தடமோ மூன்றாவது ஒருவருடையது, காசு கொடுத்து வாங்கியிருந்தாலும்.

யூடியூப்பின் தானியங்கிக் கண்காணிப்பு நேரலையையும் கவனிக்கிறது. சந்தேகம் வந்தால் ஒளிபரப்பை மறைக்கும், நிறுத்தவும் செய்யும். முகநூல் பாட்டின் பகுதியை ஊமையாக்கும். பிரீமியரில் ஏற்றும்போதே உரிமைச் சோதனை முடிந்துவிடுவதால், எந்தப் பாட்டு மாட்டுகிறது என்று ரசிகர் வருவதற்கு முன்பே தெரியும். சினிமாப் பாடகர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

காசு

கட்டணம் வாங்க ஜூம்தான் வசதி. பணம் கட்டியவர் பெயரைப் பார்த்துக் காத்திருப்பு அறையிலிருந்து ஒவ்வொருவராக உள்ளே விடலாம். யூடியூப்பில் தேடலில் வராத 'அன்லிஸ்டட்' இணைப்பைக் கொடுத்தால் அது குடும்ப வாட்ஸ்அப் குழு முழுக்கச் சுற்றிவிடும். அன்பளிப்பு மட்டும் என்றால் திரை மூலையில், மலேசியாவில் பணம் அனுப்பப் பயன்படும் டூயிட்நவ் கியூஆர் வைக்கலாம். பெரிதாக வைக்கவும், சிறியது மங்கலில் கரைந்துவிடும். பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். தன் திரையைத் தானே ஸ்கேன் செய்ய முடியாதே! எனவே கியூஆர் படத்தை முன்கூட்டியே வாட்ஸ்அப்பிலும் அனுப்பினால், வங்கிச் செயலி அதைப் படத்தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

கோயில் திருவிழாவில் பாடுவதற்கு மட்டும் முகநூலை விட வேண்டாம். ஊர்க்காரர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் முகநூல் நேரலைப் பதிவுகள் 30 நாளில் அழிந்துவிடும். மறுநாளே இறக்கி வைத்துக்கொள்ளவும்.