எல்லிஸ் தீவை மண்டபத்திலிருந்து பார்க்க வைத்த வகுப்பு

தொலைநிலைக் கல்வியில் முதுகலை வரலாறு படிப்பவர்களுக்காக இராமநாதபுரத்தில் ஒரு தனிப்பயிற்சி நிலையம் ஞாயிறுதோறும் நடத்தும் அமெரிக்க வரலாற்று வகுப்பில் எட்டு வாரம் படித்து முடித்திருக்கிறேன். கட்டணம் 2,400 ரூபாய்; அச்சிட்ட குறிப்பேடும் அதில் அடக்கம். தேர்வில் தேறினால் போதும் என்று சேர்ந்த என்னை, தொழில்மயக் காலத்துக் குடியேற்றமும் நகர வளர்ச்சியும் பற்றிய மூன்று வகுப்புகள்தான் இந்த மதிப்புரையை எழுத வைத்தன.

அமெரிக்காவில் குடியேற வந்தவர்களைச் சோதித்து அனுமதித்த நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவு நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டு, 1954இல் மூடப்படும்வரை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் அதன் வழியாகச் சென்றார்கள் என்பது எந்தப் பாடநூலிலும் கிடைக்கும் செய்தி. ஆசிரியர் அதோடு நிற்கவில்லை. முன்வரிசையில் இருந்த மாணவரை எழுப்பி, மாடிப்படி ஏறி வரச் சொல்லி, மூச்சு வாங்கி நின்றவரின் சட்டைத் தோளில் சாக்பீஸால் 'எச்' என்று எழுதினார். இதயக் கோளாறு என்று ஐயம் எழுந்தவர்களுக்கு அங்கே இடப்பட்ட குறி அது. கண்ணுக்கு 'ஈ'. பூட்ஸ் பொத்தான் மாட்டும் கொக்கியால் இமையைப் புரட்டி, டிரக்கோமா என்னும் கண்நோய் இருக்கிறதா என்று பார்த்ததையும் விளக்கினார். முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே சோதித்து அனுப்பிவிட, அடித்தட்டில் வந்த ஏழைகளே தீவின் வரிசையில் நின்றார்கள் என்றபோது வகுப்பு அமைதியாகிவிட்டது.

பிறகு அவர் பேச்சை எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மண்டபத்தில் இருந்த முகாமுக்குத் திருப்பினார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களும் அங்கே நிறுத்தப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்து, தொற்றுத் தடுப்புக்காகச் சில நாள் காத்திருந்த பிறகே கடல் கடந்தார்கள். என் பாட்டியின் தந்தையும் அப்படிப் போனவர்தான். ஆனால் இரண்டும் ஒன்று என்று ஆசிரியர் எளிதாகச் சொல்லிவிடவில்லை: தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியிடம் கடன்பட்டு இலங்கை போனவரின் நிலையும், சொந்தச் செலவிலோ உறவினர் அனுப்பிய பயணச்சீட்டிலோ அமெரிக்கா போனவரின் நிலையும் வேறு என்று அழுத்திச் சொன்னார். இத்தாலியர் பலர் நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள் என்றதும், குடும்பத்தை ஊரில் விட்டு வெளிநாடு போய்ச் சம்பாதித்துத் திரும்பும் எங்கள் கீழக்கரைச் சபுராளிகளை நினைத்துக்கொள்ளாதவர் அந்த அறையில் இருந்திருக்க முடியாது.

சிகாகோ பற்றிய வகுப்பும் நன்றாகவே இருந்தது. 1840இல் 5,000 பேர்கூட இல்லாத ஊர், 1871 பெருந்தீயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிந்த பிறகும், 1890இல் 10 லட்சத்தைத் தாண்டியது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள். ரயில் பாதைகள் கூடுமிடமாக அந்நகர் இருந்ததும், பனிக்கட்டி வைத்த ரயில் பெட்டிகளில் இறைச்சியைக் கிழக்கு நகரங்களுக்கு அனுப்ப முடிந்ததும் எப்படி அத்தனை பேருக்கு வேலை தந்தன என்பதை, ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றி அனுப்பும் கடற்கரைக்காரர்களுக்கு விளக்க அதிக நேரம் தேவைப்படவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். குறிப்பேட்டின் மொழிபெயர்ப்பு மோசம். நியூயார்க்கின் நெரிசல் குடியிருப்புகளை 'வாடகைக் கட்டடங்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒண்டுக்குடித்தனம் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கும்போது இது ஏன்? வெளிச்சமும் காற்றும் வரட்டும் என்று நியூயார்க்கின் 1879 குடியிருப்புச் சட்டத்துக்குப் பின் கட்டடங்களுக்கு நடுவே விடப்பட்ட குறுகிய இடைவெளி, குப்பைக் கிடங்காகவும் தீ பரவும் வழியாகவும் மாறியதால்தான் 1901இல் புதிய சட்டம் வந்தது. இந்தக் காரணத் தொடர்பு குறிப்பேட்டில் ஒரு வரியில்கூட இல்லை. 146 தொழிலாளர்கள், பெரும்பாலும் குடியேறிய இளம்பெண்கள், மாண்ட 1911ஆம் ஆண்டு நியூயார்க் டிரையாங்கிள் (முக்கோண) ஆடை ஆலைத் தீயை ஐந்து நிமிடத்தில் கடந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்த 1882 சட்டத்துக்கும் நேரம் ஒதுக்கவில்லை. கதவு சிலருக்கு மூடியே இருந்ததைச் சொல்லாமல் எல்லிஸ் தீவின் கதை நிறைவு பெறாது.

தேர்வுக்கு மட்டும் படிப்பவர்கள் குறிப்பேட்டை நம்பாமல் வகுப்பில் எழுதிக்கொள்ளுங்கள். திருப்புல்லாணி, உச்சிப்புளிப் பக்கமிருந்து வருபவர்கள் காலை 9 மணிக்கே வந்துவிடுவது நல்லது. பின்வரிசையில் கரும்பலகை தெரியாது.