பட்டையா, புள்ளியா, பெட்டியா? ஆய்வுக் கட்டுரைக்கு எந்தப் படம்

இரண்டு குழுக்களின் அளவீடுகளை ஒப்பிட வேண்டும் என்றால் பலரின் கை தானாகப் பட்டை வரைபடத்துக்குத்தான் போகிறது. சராசரி எவ்வளவோ அந்த உயரத்துக்கு ஒரு பட்டை, அதன் தலையில் ஒரு பிழைக்கோடு (அளவுகளின் பரவலையோ சராசரியின் நிச்சயமின்மையையோ காட்டும் சின்னக் கோடு), வேலை முடிந்தது. என் பார்வையில், ஆய்வுக் கட்டுரைகளில் மிக அதிகமாக இடம் மாறி உட்கார்ந்திருக்கும் படம் இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் குழுவில் ஆறு அளவுகள்: ஐந்து 7, ஒரு 25. இரண்டாவது குழுவிலும் ஆறு: மூன்று 3.3, மூன்று 16.7. இரண்டுக்கும் சராசரி 10. திட்ட விலக்கமும் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதன் கணக்கு) இரண்டுக்கும் சுமார் 7.3. பட்டையாக வரைந்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. உள்ளே இருப்பதோ வேறு. முதல் குழுவில் ஒரே ஒரு மாதிரி சராசரியை மேலே இழுத்துவிட்டது. கருவிக் கோளாறா, உண்மையான விதிவிலக்கா என்று தேட வேண்டும். இரண்டாவதில் குழுவே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அந்த ஆய்வின் முக்கியமான சேதியே அதுவாக இருக்கலாம். ஆறு புள்ளிகளை அப்படியே வைத்திருந்தால் வாசகருக்கு ஒரு பார்வையில் புரிந்திருக்கும்.

புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973லேயே இதைக் காட்டிவிட்டார். தலா 11 புள்ளிகள் கொண்ட நான்கு தரவுத் தொகுப்புகளை அவர் உருவாக்கினார். சராசரி, மாறுபாடு (திட்ட விலக்கத்தின் வர்க்கம்), ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதைச் சொல்லும் எண்) எல்லாம் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்றில் நேர்கோட்டை ஒட்டிய சிதறல், ஒன்றில் வளைவு, மற்ற இரண்டில் தனித்து நிற்கும் ஒற்றைப் புள்ளி மொத்தக் கணக்கையும் ஆட்டிப் படைக்கிறது.

பட்டைக்கென்று நியாயமான இடம் உண்டு, அது எண்ணிக்கை. எத்தனை விதை முளைத்தது, எத்தனை பேர் குணமானார்கள் என்பதற்கெல்லாம் பட்டை போதும். பூஜ்யத்திலிருந்து ஏறும் உயரமே அங்கே தகவல் என்பதால் அச்சை நடுவில் வெட்டித் தொடங்கக் கூடாது, அவ்வளவுதான்.

பெட்டி வரைபடத்தின் பலம், இடைநிலையையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) கால்மானங்களையும் (தரவை நான்கு சம பங்காகப் பிரிக்கும் மதிப்புகள்) சேர்த்துக் காட்டுவது. குழுக்கள் நிறைய இருந்தால் அருகருகே வைத்து ஒப்பிட இதைவிட வசதியானது இல்லை. ஆனால் ஆறே அளவுக்குக் கால்மானம் கணக்கிட்டுப் பெட்டி போடுவதில் அர்த்தமில்லை. தரவில் இரண்டு மேடு இருந்தாலும் பெட்டி அதை விழுங்கிவிடும். அளவுகள் அதிகம் குவியும் இடத்தில் அகன்றும் குறையும் இடத்தில் ஒடுங்கியும் வரையப்படும் வயலின் வரைபடம் மேடுகளைக் காட்டும். பதிலுக்கு, வழவழப்பாக்கும் கணக்கு தரவே இல்லாத இடத்துக்கும் வாலை நீட்டிவிடும். எடை பூஜ்யத்துக்குக் கீழே போவதுபோல்கூடத் தெரியும்.

என் தேர்வு இப்படி: இருபது அளவு வரை வெறும் புள்ளிகள், நடுவில் இடைநிலைக்கு ஒரு கோடு. அதற்கு மேல் பெட்டி, அதன்மேல் மங்கலாகப் புள்ளிகள். பல நூறு என்று போனால் வயலின். ஒரே ஆளை மருந்துக்கு முன்னும் பின்னும் அளந்திருந்தால் இந்த மூன்றும் வேண்டாம். ஒவ்வொருவரின் இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்துவிடுங்கள். யாருக்கு ஏறியது, யாருக்கு இறங்கியது என்பது அப்போதுதான் தெரியும்.

அப்புறம் பிழைக்கோடு. திட்டப் பிழை என்பது திட்ட விலக்கத்தை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. 25 மாதிரி இருந்தால் கோடு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பார்க்க நேர்த்தியாக இருப்பதால் அதைப் போடுகிறார்கள். தரவு எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லத் திட்ட விலக்கம். சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. எதைப் போட்டாலும், எது என்று படக்குறிப்பில் எழுதாவிட்டால் அந்தக் கோட்டுக்குப் பொருளே கிடையாது.

மதிப்பை நிறத்தால் காட்டும்போது எனக்குத் தயக்கமே இல்லை: வானவில் வரிசை வேண்டாம். அதில் மஞ்சள் நடுவில் பளிச்சென்று தெரிவதால், மதிப்பு சீராக மாறும் இடத்திலும் கண் ஒரு எல்லையைக் காண்கிறது. ஊதாவில் தொடங்கிப் பச்சை வழியாக மஞ்சளில் முடியும் விரிடிஸ் வரிசையில் வெளிச்சம் ஒரே சீராக ஏறும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் வரிசை குலையாது. பைதான் மொழியில் படம் வரைய உதவும் மேட்பிளாட்லிப் மென்பொருள் 2017இல் வந்த 2.0 பதிப்பில் இதையே இயல்பு வரிசையாக்கியது. குழுக்களைப் பிரிக்கச் சிவப்பு, பச்சை இணையைத் தவிருங்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு அந்த வேறுபாடு சரியாகத் தெரியாது. நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பு. புள்ளியின் வடிவத்தையும் மாற்றினால் இன்னும் நல்லது.

கோப்பு வகையில் பெரிய விவாதம் இல்லை. வரைபடத்துக்கு பிடிஎஃப் அல்லது எஸ்விஜி, நுண்ணோக்கிப் படத்துக்கு டிஃப். ஜேபெக் எழுத்துகளின் ஓரத்தில் அழுக்குபோல் கறை விடும். இதழின் பத்தி அகலத்தை முதலிலேயே பார்த்து (நேச்சர் இதழில் ஒரு பத்தி 89 மில்லிமீட்டர்) அதே அளவில் வரையத் தொடங்குங்கள். திரை முழுக்கப் பெரிதாக வரைந்து கடைசியில் சுருக்கினால், அச்சின் எண்களும் அலகுகளும்தான் முதலில் படிக்க முடியாமல் போகும்.