திருமண நாள் தலையணை: கைத்தையலா, இயந்திரத் தையலா?

பெயரும் தேதியும் தைத்த தலையணையைத் திருமண நாள் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் துணியின் நிறத்திலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். எழுத்துகளைக் கையால் தைப்பதா, எம்பிராய்டரி இயந்திரத்தில் தைப்பதா என்பதை அதற்கு முன்பே தீர்மானித்துவிடுவது நல்லது. துணியும் நூலும் எழுத்தின் அளவும் அந்த முடிவைப் பொறுத்தே அமையும்.

இரண்டு பெயர், ஒரு தேதி மட்டும் போதுமென்றால் நான் தயங்காமல் கைத்தையலையே சொல்வேன். காரணம் கையெழுத்து. மனைவிக்குக் கணவர் எப்போதோ எழுதிய கடிதத்திலிருந்து ஒரு வரியை அப்படியே துணியில் படியெடுத்து, அதன் மேலேயே தைக்கலாம். சாய்ந்த ‘ழ’வும் அவசரத்தில் இழுத்த கொம்பும் அப்படியே வரும். அந்தக் கையெழுத்தை ஸ்கேன் செய்து இயந்திரத்துக்கான கோப்பாகவும் மாற்றலாம்தான். ஆனால் கோடு மெலிந்து தடிக்கும் இடங்களைக் கவனித்துத் திருத்தாவிட்டால் எல்லாம் ஒரே தடிமனில் வந்துவிடும்.

கையால் தைக்கும்போது தமிழ் எழுத்தின் சுழிகளுக்குக் காம்புத் தையல் மிகவும் பொருந்தும். ஒவ்வொரு தையலும் முந்தையதைச் சற்றே தழுவிச் செல்வதால் வளைவு உடையாமல் ஓடும். ஊசியைப் பின்னோக்கிக் குத்தி இடைவெளியில்லாமல் தைக்கும் பின்தையலும் நன்றாகவே இருக்கும். சுழி சிறியதாகும் இடத்தில் தையலின் நீளத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். கடையில் கிடைக்கும் எம்பிராய்டரி பருத்தி நூல் ஆறு இழை கொண்டது. பெயருக்கு மூன்று இழையும், சிறிய தேதிக்கு இரண்டு இழையும் எடுத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். பளபளப்புக்காக, இழைகளைப் பக்கம் பக்கமாக நெருக்கி அடுக்கும் சாட்டின் தையலால் அகலமாக நிரப்புவதைத் தலையணையில் நான் விரும்புவதில்லை. நீண்ட இழைகள் வளையலிலும் நகத்திலும் மாட்டி இழுபடும்.

இயந்திரம் வெல்லும் இடங்களும் உண்டு. நான்கு வரி வாழ்த்து, ஒரே மாதிரி இரண்டு தலையணை, அடிக்கடி துவைக்க வேண்டிய வீடு என்றால் இயந்திரமே சரி. பாலியெஸ்டர் நூல் எளிதில் சாயம் போகாது, உரசலையும் தாங்கும். ஆனால் ‘ண’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் அடைத்துக்கொண்டு நூல்மொட்டாகிவிடும். எழுத்தைப் பெரிதாக்குவதுதான் அதற்கு வழி. தைக்கக் கொடுக்கும் முன் அதே துணியின் துண்டில் ஒரு மாதிரி தைத்துப் பார்ப்பது அவசியம். நெருக்கமாக நிரப்பிய பூவேலை அட்டைபோல விறைத்து நிற்கும் என்பது இன்னொரு குறை. சோபாவில் அழகுக்கு வைப்பதென்றால் பரவாயில்லை. கன்னம் வைத்துச் சாய வேண்டிய தலையணைக்கு அது ஏற்றதல்ல.

பெருக்கல் குறிபோலத் தைக்கும் குறுக்குத் தையலையும் சிலர் கேட்பார்கள். கட்டங்களை எண்ணித் தைப்பதால் தொடங்குபவருக்கு எளிது. எண்களும் இதயமும் அழகாக வரும். தமிழ் எழுத்தின் வளைவுகள் மட்டும் படிக்கட்டாகிவிடும்.

துணியைப் பொறுத்தவரை, கைத்தையலுக்கு நெருக்கமான நெசவுள்ள பருத்தியோ லினனோ போதும். தைப்பதற்கு முன்பே துவைத்துச் சுருக்கிவிடுங்கள். வெல்வெட்டில் மெல்லிய கோடுகள் மயிருக்குள் புதைந்துவிடும். அதன் மேல் நீரில் கரையும் படலம் விரித்து இயந்திரத்தில் தைத்தால்தான் எழுத்து மேலே நிற்கும். வரைவதற்கு நீரில் கரையும் பேனாவே நல்லது. அந்தக் கோட்டை நீரில் முழுமையாக அலசிய பிறகே இஸ்திரி போடவேண்டும். சூடு பட்டால் கறை நிலைத்துவிடலாம். சூட்டில் மறையும் பேனாவின் கோடு குளிரில் திரும்பத் தெரியக்கூடும் என்பதால் பரிசுப் பொருளுக்கு அதைத் தவிர்த்துவிடுவேன்.

எந்த வழியில் தைத்தாலும், துணியைப் பெரிதாக வைத்துப் பூவேலையை முடித்துவிட்டுப் பிறகு அளந்து வெட்டுங்கள். 16 அங்குலத் தலையணைக்கு 16 அங்குலச் சதுரமாக வெட்டி, சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டால் உறை 15 அங்குலமாக முடியும். பஞ்சு நிறைந்து உப்பலாக நிற்கும். அந்த உப்பலில் ஓரங்கள் பின்னால் வளைந்துபோகும் என்பதால், எழுத்து விளிம்பிலிருந்து மூன்று அங்குலமாவது உள்ளே இருக்கட்டும்.

பின்பக்கத்துக்கு ஜிப் வைத்தால் பார்வைக்குக் கச்சிதம். இரண்டு துண்டுகளை நான்கு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டுத் தைக்கும் உறையோ எளிது, முதுகிலும் உறுத்தாது. தினமும் சாய்ந்துகொள்ளப்போகிறவர்களுக்கு நான் இதைத்தான் தைப்பேன்.