பின்னங்கால் விழுந்த நாய்க்கு மலையிலேயே சிகிச்சையா, கோவையா, பெங்களூரா?

நீலகிரியில் வளர்ப்பு நாயின் பின்னங்கால்கள் திடீரென வலுவிழந்தால், வீட்டாருக்கு மூன்று வழிகள் உண்டு. உள்ளூர்க் கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் மலையிலேயே வைத்துப் பார்க்கலாம். கோவைக்கு இறங்கி அறுவை மருத்துவரிடம் காட்டலாம். பெங்களூருக்கோ சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு செல்லலாம். எது பெரிய மருத்துவமனை என்பதைவிட, நாயின் தண்டுவடம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்தே இதை முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த நிலையை அறிய முதலில் வேண்டியது ஸ்கேன் அன்று, மருத்துவரின் கை. பாதத்தை மடக்கி அதன் மேற்புறம் தரையில் படும்படி வைத்தால், நரம்பு நலமாக உள்ள நாய் உடனே அதை நேராக்கிக்கொள்ளும். அடுத்து விரல் எலும்பை இடுக்கியால் அழுத்துவார். கால் வெடுக்கென்று மடங்குவது மட்டும் போதாது; அது மூளை வரை எட்டாத அனிச்சைச் செயலாக இருக்கலாம். நாய் தலையைத் திருப்ப வேண்டும் அல்லது கத்த வேண்டும். அப்போதுதான் ஆழ்வலி உணர்வு எஞ்சியிருக்கிறது என்று பொருள். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்: தடுப்பூசி போடாத நாய்க்கு வரும் வாதம் வெறிநோயாகவும் இருக்கக்கூடும். வெறிநோய்த் தடுப்புக்கென நிறுவிய பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் குன்னூரில் இயங்கும் மாவட்டத்தில் இதை விளக்க வேண்டியதில்லை என்றாலும், அத்தகைய நாயின் வாயில் கைவைக்கவே கூடாது.

டாஷண்ட் போன்ற குட்டைக்கால் இனங்களில் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவதே வழக்கமான காரணம். தள்ளாடியாவது நடக்கும் நாய்க்கு மலையே போதும்: வலிநிவாரணியும் ஏறக்குறைய நான்கு வாரம் கூண்டு ஓய்வும் கொடுத்தால் பல நாய்கள் தேறிவிடும். சரிவில் கட்டிய நம் வீடுகளின் படிகளில் அதை ஏறவிடக் கூடாது.

நடக்கவே முடியாமல், ஆழ்வலி மட்டும் எஞ்சியிருந்தால் கோவைதான் சரி. இந்நிலையில் அறுவை செய்த நாய்களில் நூற்றுக்கு 80-க்கு மேல் மீண்டும் நடக்கின்றன. அவ்வுணர்வும் போய்விட்டால் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. ஆகவே தாமதம் கூடாது. ஸ்கேனும் அறுவை மருத்துவரும் அன்றே கிடைப்பார்களா என்று தொலைபேசியில் உறுதி செய்துகொண்டு, நாயைப் பலகையில் துணியால் கட்டிப் படுக்க வைத்தே குன்னூர் மலைப்பாதையில் இறக்க வேண்டும். சுண்ணாம்பேறிய டிஸ்க்கை சி.டி. ஸ்கேனே காட்டிவிடும் என்பதால், எம்.ஆர்.ஐ. இல்லாத இடத்தை உடனே ஒதுக்க வேண்டியதில்லை.

பெங்களூரை இந்த அவசரத்திற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே செல்லும் வழியிலுள்ள பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுகிறது. மாலையில் விழுந்த நாய்க்கு அந்த இரவு வீணாகிவிடும். சென்னையோ 500 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் முதுமையில் புதிதாகத் தொடங்கும் வலிப்பு, மூளைக்கட்டி ஐயம் போன்ற, சில நாள் பொறுக்கக்கூடிய சிக்கல்களுக்கு எம்.ஆர்.ஐ. வசதியுள்ள பெருநகர மையமோ, 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியோ ஏற்றது. இளம் நாயின் காக்காய் வலிப்புக்குப் பெரும்பாலும் கத்தி வேண்டாம். ஃபீனோபார்பிட்டால் மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் ஊட்டியிலேயே நடக்கும்.

எங்கே அறுவை செய்தாலும், நாய் தானாகச் சிறுநீர் கழிக்கும் வரை ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை சிறுநீர்ப்பையை அழுத்தி வெளியேற்ற வேண்டியிருக்கும். அதை மருத்துவர் முன்னிலையில் தம் கையால் செய்து பழகிய பிறகே வீட்டார் மலையேற வேண்டும்.