இரு பாடல்கள், இரு கடல்கள்

ஆங்கிலத் திருச்சபைப் பாடல்களில் ‘அமேசிங் கிரேஸ்’, ‘இட் இஸ் வெல்’ இரண்டுமே அட்லாண்டிக் கடலின் நினைவைச் சுமப்பவை. ஆனால் அந்த நினைவு பாட்டாக மாறிய விதம் வெவ்வேறு.

1748 மார்ச்சில் புயலில் சிக்கிய கப்பலில் நீர் இறைத்துக்கொண்டே இரக்கத்துக்காக மன்றாடிய ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டன், உடனே ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை எழுதிவிடவில்லை. அதன் பிறகும் சில ஆண்டுகள் அடிமை வணிகக் கப்பல்களை நடத்தினார் என்பதை மறைத்துவிட்டு இப்பாடலைப் பேசுவது நேர்மையாகாது. பின்னர் இங்கிலாந்தின் ஓல்னி என்ற சிற்றூரில் போதகரான அவர், 1773 புத்தாண்டு நாள் பிரசங்கத்துக்காக இதை எழுதினார். அன்றைய வசனம் வேதாகமத்தின் 1 நாளாகமம் 17இல் உள்ள தாவீதின் ஜெபம். “நான் எம்மாத்திரம்?” என்று தாவீது கேட்ட கேள்வியே, பாட்டின் தொடக்க அடிகளில் தன்னை ஈனன் என்று சொல்லிக்கொள்ளும் குரலாக ஒலிக்கிறது.

சிகாகோ வழக்கறிஞர் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டுக்கோ இத்தகைய நீண்ட இடைவெளி வாய்க்கவில்லை. 1873 நவம்பர் 22 அன்று ‘வில் டு ஹாவ்ர்’ கப்பல் மோதி மூழ்கியதில் அவருடைய நான்கு மகள்களும் இறந்தனர். பிழைத்த மனைவி அன்னாவின் தந்தி, தான் மட்டுமே தப்பியதைத் தெரிவித்தது. மனைவியை அழைத்துவரப் புறப்பட்டவர், பிள்ளைகள் மூழ்கிய இடத்தைக் கடக்கையில் ‘இட் இஸ் வெல்’ வரிகளை எழுதியதாகக் கூறுவர். பிலிப் பிளிஸ் அமைத்த மெட்டுக்கும் அந்தக் கப்பலின் பெயரே நிலைத்தது.

நியூட்டனுடையது மனந்திரும்பியவனின் சாட்சி; ஸ்பாஃபோர்டுடையது பிள்ளைகளை இழந்த தகப்பனின் விசுவாச அறிக்கை. அடக்க ஆராதனையில் இரண்டாவதே எனக்கு நெருக்கமாக ஒலிக்கிறது.