டொக்டரே முதலாளியா, முதலாளி வேறு ஆளா? மலையகப் பல் கிளினிக் இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

தங்கச்சி மகளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு பல் கிளினிக்கில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று, டொக்டர் தானே போட்டுத் தானே நடத்துவது. மற்றது கொழும்பு முதலாளியுடையது, அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டர்மார் கடமை முடிந்து பின்னேரம் வந்து பார்ப்பார்கள். "எதுக்குப் போகட்டும் பெரியம்மா?" என்று கேட்டாள். இரண்டு வகையிலும் ரிசெப்ஷனில் இருந்தவள் நான், சம்பளத்தை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

டொக்டரே முதலாளி என்றால் எதுவும் சட்டென்று நடக்கும். கையுறை முடிந்தால் அன்றைக்கே வரும், பிழை நடந்தால் யாரிடம் போவது என்று தேட வேண்டியதில்லை. ஆனால் அவர் மேலேயே முறைப்பாடு என்றால் அதையும் அவரிடம்தான் கொடுக்க வேண்டும். அப்புறம், அவருக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுக்க அங்கே ஆளில்லை. நுவரெலியாவில் நான் இருந்த இடத்தில் பழைய பிரஷர் குக்கர் மாதிரி ஓட்டோகிளேவ் ஒன்று, பல் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி கொல்லும் மெஷின். சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் வந்ததும் நேரம் பார்ப்போம், அந்த அழுத்தத்தில் 121 பாகை வரும் என்பது கணக்கு. வாஷர் மாற்ற வந்த பையன் மீட்டரைப் பார்த்துவிட்டு, "மிஸ், இது கீழ்நாட்டுக் கணக்கு" என்றான். உண்மைதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், தண்ணீரே இங்கு 94 பாகையளவில் கொதித்துவிடும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் அரை இறாத்தல் கூட்டி இங்கே 18 வைக்க வேண்டும். (வெப்பத்தைத் தானே அளக்கும் புதிய மெஷின்களில் இந்தத் தொல்லை இல்லை.) டொக்டர் நல்ல மனிதர், கோபிக்கவில்லை, ஒரு தாளில் பெரிதாக 18 என்று எழுதி மெஷினிலேயே ஒட்டினார். அதுவரைக்கும் எத்தனை பேரின் வாய்க்குள் அந்தக் கருவிகள் போயிருக்கும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கம்பனி கிளினிக்கில் இப்படி நடக்காது என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் அங்கே எல்லாவற்றுக்கும் ஃபைல். ஓட்டோகிளேவுக்குத் தனிக் கொப்பி, தினமும் கையெழுத்து. சனிக்கிழமை பின்னேரம் ஒரே பேனையால் ஆறு நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்து விழுவதைக் கண்ணால் பார்த்தேன். மனேஜர் மாதத்தில் இரண்டு தரம் மலையேறுவார். கேட்டால் அது டொக்டர் பார்க்க வேண்டியது என்பார், டொக்டரோ நான் வந்து போகிறவன் என்பார். ஒரு நாள் தோட்டத்து அம்மா ஒருவர், அன்றைய பேரையும் (நாட்சம்பளத்தையும்) விட்டுவிட்டு, கன்னம் வீங்கி வந்தார். பல் பிடுங்கிய டொக்டர் லீவு, இருந்தவர் அது என் கேஸ் இல்லை என்றார். கொழும்புக்கு அடித்தால் ஒப்புதல் படிவத்தைத் தேடச் சொன்னார்கள். படிவம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. அம்மாவின் கையெழுத்தும் இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? டொக்டரின் பதிவு இலங்கை மருத்துவச் சபையில். இடத்தின் பதிவு தனி, 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இரண்டு தாளும் சுவரில் தொங்கினால் நல்லது, ஆனால் அந்த அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்பது அதில் இருக்காது. இங்கிலாந்தில் பல் கிளினிக்குகளைப் பார்வையிடுகிறவர்கள் பாதுகாப்பு, சிகிச்சையின் பலன் எல்லாம் கேட்டுவிட்டு, இந்த இடம் ஒழுங்காக வழிநடத்தப்படுகிறதா என்று ஐந்தாவதாகக் கேட்பார்களாம். அங்கே கம்பனி நடத்துகிற கிளினிக் என்றால் பொறுப்பான மனேஜர் பெயரோடு பதிவாகியிருக்க வேண்டும். இந்த ஒன்றை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

என் மனம் டொக்டரின் கிளினிக் பக்கம்தான் சாய்கிறது. ஃபைல் இல்லாத இடத்தில் ஒரு கொப்பி வாங்கிப் போட்டுவிடலாம், ஆளில்லாத இடத்துக்கு என்னத்தை வாங்கிப் போடுவது? இருந்தாலும் முடிவை அவளிடமே விட்டு, இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி கேட்கச் சொன்னேன்: ஓட்டோகிளேவ் பழுதானால் அன்றைக்கு நோயாளிகளைத் திருப்பி அனுப்பச் சொல்வது யார்?

கம்பனியில் ஒரு போன் நம்பர் கொடுத்தார்களாம். டொக்டர் "நான்தான்" என்றாராம். "நீங்க இல்லாத நேரம்?" என்று விடாமல் கேட்டிருக்கிறாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீதான், எழுதித் தாறேன்" என்றாராம். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறாள், முதலில் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.