வீல் நட் ஒண்டு குறைஞ்சால் கிடைச்சதைப் பூட்ட விடாதீங்கோ

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அம்மாவையும் பிள்ளைகளையும் ஏத்திக்கொண்டு கிளிநொச்சியில இருந்து வெளிக்கிட்டனாங்கள். கார் சுசுக்கி வாகன் ஆர், வெளியில வாங்கிப் போட்ட அலோய் வீல். பரந்தன் சந்தியில தண்ணிப் போத்தல் வாங்க இறங்கினால், முன் இடப்பக்கச் சில்லில நாலு நட்டில ஒண்டைக் காணேல்லை. முல்லைத்தீவு ரோட்டில கண்ட ஒரு ரயர் கடையில விட்டன்.

வேலை செய்த பெடியன் எண்ணெய் பிடிச்ச பால்மா ரின்னுக்குள்ள கையை விட்டு ஒரு நட்டை எடுத்தான். "மற்றதில ஒண்டைக் கழட்டி வைச்சுப் பாருங்கோ தம்பி" எண்டன். "எல்லாம் 12 தான் அண்ணை" எண்டுட்டு, கையால ரெண்டு சுத்துக்கூடப் போகாத நட்டில எயார் கன்னை வைச்சு அமத்தினான். சில்லுக்குக் கீழ மண்ணில மினுமினுவெண்டு இரும்புத் தூள் கொட்டினது. கேட்டால், "புது நட் இறுக்கமாத்தான் இருக்கும்." 1,500 ரூபா வாங்கினாங்கள்.

விசுவமடு தாண்ட ஸ்ரியரிங் நடுங்கத் தொடங்கிச்சு. நிப்பாட்டிப் பார்த்தால் அந்த நட் விரலாலயே சும்மா சுத்துது. மற்ற மூண்டையும் அவன் தொட்டே பார்க்கேல்லை, அதில ரெண்டு லூஸ். பின் சீற்றில அம்மாவின்ர மடியில சின்னவன் நித்திரை. எனக்குக் கை கால் விறைச்சுப் போச்சு.

மூண்டையும் இறுக்கிக்கொண்டு புதுக்குடியிருப்புக்கு மெதுவா உருட்டினன். அங்க ஒரு மெக்கானிக் ஐயா ரெண்டு நட்டையும் உள்ளங்கையில வைச்சுக் காட்டினார். சுசுக்கியின்ர வீல் போல்ட் 12 மில்லிமீற்றர் தடிப்பு, மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீற்றர். பெடியன் பூட்டினது டொயோட்டாவுக்கு வாற 1.5 மரை. தடிப்பு ஒண்டு, மரை இடைவெளி வேற. அடிச்சு ஏத்தினதில போல்ட்டின்ர மரை வழிச்சுப் போயிருந்தது. அதோட எங்கட அலோயில நட் இருக்கிற ஓட்டை கூம்பு, இந்த நட்டின்ர அடியிலயோ தட்டை வாசர். விளிம்பில மட்டும் முட்டி அலுமினியத்தை அராவி வைச்சிருக்கு. மரை காருக்குப் பொருந்தவேணும், நட்டின்ர அடி வீலுக்குப் பொருந்தவேணும் எண்டார் ஐயா.

பழைய போல்ட்டை அடிச்சுக் கழட்டிப் புதுசு போட்டு, கூம்பு நட்டைக் கடைசி மட்டும் கையாலயே சுத்திக் கொண்டுபோய், பிறகுதான் சொன்ன அளவுக்கு இறுக்கிற டோர்க் ரென்ஜை எடுத்தார். 85 நியூட்டன் மீற்றர். 100 கிலோமீற்றர் ஓட முதல் திரும்ப ஒருக்கா இறுக்கிப் பார்க்கச் சொன்னார்.

வரேக்க அந்த நட்டோட கடைக்குப் போனன். "வேற இடத்தில கழட்டினாப் பிறகு எங்களுக்குப் பொறுப்பில்லை" எண்டார் முதலாளி. ரின் அதே மேசையில இருந்தது.